நோத்ர தாமில் தொடங்காதீர்கள்

பாரிஸுக்கு மூன்று நாள் பயணமாக வருகிறவர்கள் முதல் நாள் காலையிலேயே நோத்ர தாம் வாசலில் போய் நிற்கிறார்கள். அங்கே தொடங்கினால் கோதிக் என்ற கட்டடப் பாணி என்னவென்று பிடிபடாது. பெரிய கல் கட்டடம், உயரமான கூரை, வண்ணக் கண்ணாடி, கூட்டம் என்று நாலு படம் எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுவோம். அந்தக் கட்டடம் ஒரு கணக்கின் நடுவரி. முதல் வரி நகரத்துக்கு வடக்கே, பிரெஞ்சு அரசர்களை அடக்கம் செய்த சான் தெனி கோயிலில் இருக்கிறது. விடை சான்த் சப்பல் என்ற அரண்மனைச் சிற்றாலயத்தில் இருக்கிறது. சான் தெனி 1144, நோத்ர தாம் 1163, சான்த் சப்பல் 1248 என்ற மூன்று ஆண்டுகளை மனத்தில் வைத்துக்கொண்டு அந்த வரிசையிலேயே பாருங்கள். கல்சுவர் எப்படி நூறு வருடத்தில் கண்ணாடியாக மாறியது என்பது புத்தகம் படிக்காமலே விளங்கிவிடும்.

'கோதிக்' என்பதே ஒரு வசவு. பிற்கால இத்தாலியர்கள், ரோமைச் சூறையாடிய கோத்துகளின் காட்டுமிராண்டி வேலை என்று இகழ்ந்து வைத்த பெயர். கட்டிய காலத்தில் இதற்கு வழங்கிய பெயர்களில் ஒன்று 'பிரெஞ்சு வேலை'. பாரிஸைச் சுற்றிய பகுதியில் பிறந்த பாணி என்பதால் அது பொருத்தமான பெயர்தான்.

உள்ளே போகுமுன் கட்டுமானத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. கல் வளைவு எதுவாக இருந்தாலும் தன் பாரத்தைக் கீழ்நோக்கி மட்டும் இறக்காது, பக்கவாட்டிலும் தள்ளும். அந்தத் தள்ளலைத் தாங்கத்தான் கோதிக்குக்கு முந்தைய ரோமானெஸ்க் பாணித் தேவாலயங்களின் சுவர்கள் அவ்வளவு தடிமனாக இருந்தன, சன்னல்கள் அவ்வளவு சிறிதாக இருந்தன. அரைவட்ட வளைவுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. அதன் உயரம் எப்போதும் அகலத்தில் பாதிதான். நீள்சதுரக் கட்டத்தின் மேல் கூரை போட்டால் நீளப் பக்கத்து வளைவு உயர்ந்தும் குட்டைப் பக்கத்து வளைவு தாழ்ந்தும் நிற்கும், இரண்டும் ஒரே மட்டத்தில் சேராது. கூர்முனை வளைவை வேண்டிய அளவுக்கு நெருக்கியோ விரித்தோ எல்லாப் பக்கத்தையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவரலாம். அது செங்குத்தாக நிற்பதால் பக்கவாட்டுத் தள்ளலும் குறைகிறது. அதோடு வளைகூரையின் அடியில் குறுக்கே ஓடும் கல் விலாக்கள் பாரத்தைக் குறிப்பிட்ட தூண்களுக்கு வழிகாட்டி அனுப்புகின்றன. மிச்சமிருக்கும் தள்ளலை வெளியே நிற்கும் முட்டுகள் வாங்கிக்கொள்கின்றன. இவ்வளவும் ஆன பிறகு தூண்களுக்கு இடையே உள்ள சுவருக்குப் பெரிய வேலை இல்லை. அதை எடுத்துவிட்டுக் கண்ணாடி வைக்கலாம். மூன்று இடங்களிலும் பார்க்கவேண்டியது இதைத்தான்.

சான் தெனிக்குப் போவது எளிது, தவறுவதும் எளிது. மெட்ரோ 13ஆம் தடத்தில் ஏறி 'பசிலிக் த சான் தெனி' நிறுத்தத்தில் இறங்கவேண்டும். இந்தத் தடம் வடக்கே போகும்போது லா ஃபுர்ஷ் என்ற நிலையத்தில் இரண்டாகப் பிரிகிறது. வண்டியின் முகப்பில் 'சான் தெனி யூனிவெர்சித்தே' என்று இருந்தால் மட்டும் ஏறுங்கள். மற்றக் கிளை ழென்வில்லியே பக்கம் போய்விடும். தங்குமிடம் லா சப்பல் பக்கம் என்றால், நம்மவர்களில் பலருக்கு அங்கேதான் இருக்கும், 2ஆம் தடத்தில் ப்ளாஸ் த கிளிஷி வந்து அங்கே 13க்கு மாறலாம். தமிழ்க் கடைகள் நிறைந்த அந்தத் தெருவுக்கு 'ஃபோபூர் சான் தெனி' என்று பெயர் வந்ததும் காரணமாகத்தான். பாரிஸிலிருந்து சான் தெனி மடத்துக்குப் போன பழைய நெடுஞ்சாலை அது. அரசர்களின் உடலை அடக்கத்துக்குக் கொண்டுபோன திசையும் அதுவே. மளிகை வாங்க நடக்கும் தெருவுக்கு இப்படியொரு முன்கதை.

2025 முதல் பாரிஸ் வட்டாரம் முழுவதற்கும் மெட்ரோவுக்கும் ஆர்.இ.ஆர். என்ற புறநகர் ரயிலுக்கும் ஒரே விலைச் சீட்டு. அதனால் சான் தெனிக்குத் தனிக் கட்டணம் இல்லை. சீட்டுகளை நவிகோ ஈசி அட்டையில் ஏற்றிக்கொள்ளவேண்டும். ஒரே அட்டையைக் காட்டி இரண்டு பேர் உள்ளே போக முடியாது, ஆளுக்கொன்று வேண்டும். பேருந்துச் சீட்டு வேறு, விமான நிலையச் சீட்டு வேறு.

கோயிலின் முகப்பைப் பார்த்ததும் ஏதோ குறைகிறதே என்று தோன்றும். தெற்குக் கோபுரம் இருக்கிறது, வடக்கே இல்லை. 19ஆம் நூற்றாண்டில் இடி விழுந்து சேதமானதைத் திரும்பக் கட்டினார்கள். அது பாரம் தாங்காமல் விரிசல் விட, 1840களில் கல் கல்லாகப் பிரித்து இறக்கினார்கள். இப்போது அதை மறுபடி எழுப்பும் வேலை நடப்பதால் முகப்பில் சாரம் தென்படலாம், ஏமாற வேண்டாம். நடுக்கூடத்துக்குள் போகக் கட்டணம் இல்லை. பலர் அங்கே நின்று பார்த்துவிட்டு, முடிந்தது என்று திரும்பிவிடுகிறார்கள். பார்க்கவந்த பொருள் கட்டணப் பகுதிக்குள் இருக்கிறது. கல்லறைகள், பீடத்தைச் சுற்றிய பிராகாரம், நிலவறை எல்லாம் அங்கேதான். அதற்கான வாசல் தென்பக்கம். ஞாயிறு காலையில் வழிபாடு நடப்பதால் அன்று மதியம்தான் அந்தப் பகுதி திறக்கும். மற்ற நாட்களில் காலையில் திறந்தவுடன் போங்கள். பீடம் கிழக்கே இருப்பதால் காலை வெயில் கண்ணாடிகள் வழியாகப் பிராகாரத்தின் தரையில் விழும்.

அங்கே போனதும் முதலில் நிலவறைக்கு இறங்குங்கள். தடித்த சுவர், அரைவட்ட வளைவு, குறைந்த வெளிச்சம். பிறகு மேலே ஏறிப் பிராகாரத்தில் நில்லுங்கள். மெலிந்த தூண்கள், கூர்முனை வளைவுகள், இரட்டைச் சுற்று, அதைத் தொட்டுக்கொண்டு ஒன்றோடொன்று தோளுரசி நிற்கும் சிறு பீடங்கள். இடையில் தடுப்புச் சுவரே இல்லை என்பதுதான் செய்தி. மடத்தின் தலைவர் சுஜே இதை நாலே வருடத்தில் கட்டி 1144 ஜூன் 11 அன்று திருநிலைப்படுத்தினார். கீழே பார்த்த நிலவறையின் வெளிச்சுற்றும் அவர் காலத்து வேலைதான். ஆக, பழைய முறையையும் புதிய முறையையும் ஒரே கட்டடத்தில் ஒரே கூட்டம் கொத்தர்கள் கையாண்டிருக்கிறார்கள். பாரம் சுமக்கும் அடித்தளத்தில் பழையது, வெளிச்சம் வேண்டிய மேல்தளத்தில் புதியது. பாணி மாறும் கணத்தை ஒரு மாடிப்படியில் ஏறிக் கடக்க முடிகிற இடம் வேறெங்கும் இவ்வளவு தெளிவாக இல்லை.

சுஜே காலத்துக் கண்ணாடியில் கொஞ்சம்தான் மிஞ்சியிருக்கிறது. நடுச் சிறு பீடத்துச் சன்னலின் கீழ்ப்பகுதியில் மரியாளின் காலடியில் ஒரு துறவி குப்புற விழுந்து கிடப்பார். பக்கத்திலேயே பெயரும் எழுதியிருக்கும்: சுஜே. கட்டியவரே கண்ணாடிக்குள் நுழைந்துகொண்டார். நடுக்கூடத்தில் வரிசையாக நிற்கும் ராஜா ராணிக் கண்ணாடிகளில் மயங்கி நேரத்தைச் செலவிடவேண்டாம், அவை 19ஆம் நூற்றாண்டு. அதே நடுக்கூடத்தில் அண்ணாந்து பார்க்கவேண்டியது ஒன்று உண்டு. 1231க்குப் பிறகு மாற்றிக் கட்டியபோது, பெரிய சன்னலுக்குக் கீழே வழக்கமாக இருட்டாக இருக்கும் குறுகிய நடைபாதை வரிசைக்கும் பின்சுவரை எடுத்துவிட்டுக் கண்ணாடி போட்டார்கள். சுவர் இன்னொரு படி கரைந்தது.

கல்லறைகளில் எழுபதுக்கும் மேற்பட்ட படுத்த சிலைகள். 1793இல் புரட்சியின்போது கல்லறைகளை உடைத்து எலும்புகளைக் குழியில் கொட்டினார்கள். சிலைகள் தப்பியது அலெக்சாந்த்ர் லெனுவார் என்பவர் அவற்றைக் கலைப்பொருள் என்று சொல்லி அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனதால். பழைய அரசர்களின் முகங்கள் பல ஒரே சாயலில் இருக்கும். அதற்குக் காரணம், அரசர் ஒன்பதாம் லூயி 1260களில் தம் முன்னோர்களுக்கு மொத்தமாகச் செய்வித்த தொகுதி அது. செத்து அறுநூறு வருடமான அரசர் எப்படி இருந்தார் என்று யாருக்குத் தெரியும்? முழுதாகப் பார்க்க இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பும்போது 13ஆம் தடத்துக்குப் பதில் சான் தெனி ரயில் நிலையத்துக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்து ஆர்.இ.ஆர். டி பிடித்தால் ஷாத்லே நேராக வரும். அங்கிருந்து நோத்ர தாம் பத்து நிமிட நடை.

நோத்ர தாமுக்குள் போகக் கட்டணம் கிடையாது. அதற்குப் பணம் கேட்கும் இணையதளம் எதுவானாலும் அது வழிகாட்டியையோ வெறுங்காற்றையோ விற்கிறது. அதிகாரபூர்வத் தளத்தில் இலவசமாக நேரம் பதிவு செய்யலாம். இடங்கள் ஓரிரு நாள் முன்னால்தான் திறக்கும், உடனே தீரும். கிடைக்காவிட்டால் பயணத்தைக் குலைத்துக்கொள்ளாமல் பதிவில்லாதவர்களுக்கான வரிசையில் நில்லுங்கள். நீளமாகத் தெரிந்தாலும் நகரும். வியாழக்கிழமைகளில் இரவு 10 மணி வரை திறந்திருக்கும், ஆனால் இருட்டிய பின் கண்ணாடி கறுப்பாகிவிடும். பெரிய பெட்டியோடு போனால் உள்ளே விடமாட்டார்கள், வைத்துக்கொள்ளவும் மாட்டார்கள். முற்றத்தில் கையெழுத்து கேட்டுக் காகித அட்டை நீட்டுபவர்களிடம் நிற்காதீர்கள். ஒருவர் எழுதவைக்கும்போது இன்னொருவர் பையைப் பார்த்துக்கொள்வார்.

1163இல் மொரிஸ் த சுல்லி என்ற ஆயர் காலத்தில் தொடங்கியது. கூரை உயரம் சுமார் 33 மீட்டர். அதுவரை எழுந்த கோதிக் கோயில் எதுவும் அவ்வளவு உயரத்துக்குப் போனதில்லை. உயரத்துக்கு ஆசைப்பட்டதில் வெளிச்சத்தைக் கோட்டைவிட்டார்கள். முதலில் கட்டிய சுவர் நாலு அடுக்கு: கீழே வளைவு, அதன்மேல் மாடம், அதற்கும்மேல் ஒரு வட்டத்துளை, உச்சியில் சின்னச் சன்னல். இருட்டாக இருந்தது. 1220களில் வட்டத்துளையையும் சின்னச் சன்னலையும் இடித்து ஒரே நீளச் சன்னலாக்கினார்கள். 19ஆம் நூற்றாண்டில் பழுதுபார்த்த வியோலே-லெ-டுயுக் அந்தப் பழைய நாலடுக்கு அமைப்பைக் குறுக்குக்கூடத்தை ஒட்டிய கட்டங்களில் மட்டும் திரும்ப வைத்தார். சிலுவை வடிவக் கட்டடத்தின் நாலு கைகளும் சந்திக்கும் நடுவிடத்துக்கு அருகே நின்று மேலே பாருங்கள். ஒரு கட்டத்தில் வட்டத்துளை, அடுத்த கட்டத்தில் நீளச் சன்னல். தவறும் திருத்தமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ஆயிரக்கணக்கானவர்கள் அதன் கீழே படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

உள்ளே ஒருவழிப் பாதை. நடுவாசலில் நுழைந்து வடக்குப் பக்க நடை வழியாகப் பீடம் வரை போய்த் தெற்கு வழியாகத் திரும்பவேண்டும். எதிர்த்து நடந்தால் தடுப்பார்கள், ஆகவே விட்டதைத் திரும்பப் பார்ப்பது சிரமம். குறுக்குக்கூடத்தில் ரோஜாச் சாளரம் எனப்படும் வட்டச் சன்னல்கள் இரண்டு. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 13 மீட்டர் விட்டம். வடக்கு ரோஜா 1250 வாக்கில் செய்தது, மூலக் கண்ணாடி பெரும்பாலும் பிழைத்திருப்பது இதில்தான். நேர்வெயில் படாததால் நாள் முழுக்க ஒரே ஆழ்ந்த நீலம். தெற்கு ரோஜாவுக்கு நடுப்பகல் வெயில் வேண்டும், ஆனால் அதில் பிற்காலத் திருத்தம் அதிகம். மேற்கு முகப்பின் ரோஜாவை உள்ளிருந்து ஆர்கன் குழாய்கள் மறைக்கும், அதற்காகக் கழுத்தை வளைக்கவேண்டாம். பீடத்தைச் சுற்றிய கல் தடுப்பில் 14ஆம் நூற்றாண்டுப் புடைப்புச் சிற்பங்கள் வண்ணத்தோடு இருக்கின்றன. வடபக்கம் இயேசுவின் குழந்தைப் பருவம், தென்பக்கம் உயிர்த்தெழுந்த பின் தோன்றிய காட்சிகள். கூட்டம் இதைக் கவனிக்காமல் நகர்வதால் நின்று பார்க்க இடம் கிடைக்கும்.

2019 ஏப்ரல் 15 தீயில் ஊசிக்கோபுரமும் ஓக் மரக் கூரைச் சட்டமும் எரிந்து விழுந்தன. கல் வளைகூரை சில இடங்களில் துளைபட்டதே தவிரப் பெரும்பகுதி நின்றது. மேலே மரக்கூரை எரிந்தாலும் கீழே இருப்பவரைக் காப்பது கல் வளைகூரை போட்டதன் நோக்கங்களில் ஒன்று. எண்ணூறு வருடம் கழித்து அது வேலை செய்தது. இடிபாடுகளைப் பிரித்து ஆராய்ந்தபோது கற்களைப் பிணைக்கும் இரும்புக் கவ்விகள் ஏராளமாகத் தென்பட்டன. சில 1160களைச் சேர்ந்தவை. கோதிக் என்றால் கல் மட்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் பாடத்தைத் திருத்தவேண்டியதாயிற்று. 2024 டிசம்பரில் கதவு திறந்தபோது சுவர்கள் வெளிர்மஞ்சளாக இருந்தன. பழைய கரி படிந்த மங்கலை நினைத்து ஏங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த இருட்டு மெழுகுவர்த்திப் புகையும் நகரத் தூசியும் சேர்ந்தது, கட்டியவர்கள் வைத்ததல்ல.

கோபுரம் ஏறுவது தனி. அதற்குக் கட்டணம் உண்டு, வாசலும் வேறு, இணையத்தில் முன்பதிவு இல்லாமல் ஏறமுடியாது. 424 படிகள், சுழல் படிக்கட்டு. இதய நோய், முழங்கால் வலி, நெருக்கடியில் மூச்சுமுட்டல் உள்ளவர்கள் தவிர்க்கலாம். மேலே நாடி தாங்கி நகரத்தைப் பார்க்கும் பூத உருவங்கள் இடைக்காலத்தவை அல்ல, வியோலே-லெ-டுயுக்கின் கற்பனை. வாய் வழியே மழைநீரைச் சுவரிலிருந்து தள்ளித் துப்ப நீட்டிக்கொண்டிருக்கும் தூம்புகள் வேறு, இவை வேறு. சுற்றுலாக் கடைகள் இரண்டையும் ஒரே பெயரில் விற்கின்றன.

முட்டுகளைப் பார்க்க முற்றத்தில் நின்று பயனில்லை. ஆற்றின் இடக்கரையில் கிழக்கே நடந்து தூர்னெல் பாலத்துக்குப் போங்கள். பின்புறம் முழுவதும் தெரியும். பீடத்தைச் சுற்றிப் பாய்ந்து நிற்பவை ஒவ்வொன்றும் சுமார் 15 மீட்டர் தாவுகின்றன. அவை 14ஆம் நூற்றாண்டில் மாற்றியவை. இந்தத் தாவலை அளவுமீறி நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு வடக்கே போவே நகரத்துப் பேராலயம் இருக்கிறது. 48 மீட்டர் உயரத்துக்குப் போட்ட பீடக்கூரை 1284இல் இடிந்தது. பிறகு எழுப்பிய 153 மீட்டர் ஊசிக்கோபுரம் 1573இல் விழுந்தது. நடுக்கூடம் கட்டப்படவே இல்லை.

சான்த் சப்பல் அதே தீவில், நீதிமன்ற வளாகத்துக்குள் இருக்கிறது. அதனால் விமான நிலையம் போன்ற சோதனை. பேனாக்கத்தி, கத்தரிக்கோல், கண்ணாடிப் புட்டி எதையும் விடமாட்டார்கள். நேரம் குறித்த சீட்டை இணையத்தில் முன்னதாக எடுத்துவிடுங்கள். சோதனைக்கு அரைமணி ஒதுக்குங்கள். ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியே இருந்து வருகிறவர்களுக்குத் தனிக் கட்டணம் உண்டா என்று சீட்டு எடுக்குமுன் பாருங்கள். பக்கத்தில் பழைய சிறையான கோன்சியெர்ஜெரியோடு சேர்ந்த சீட்டும் உண்டு. புரட்சியின்போது ராணி மரி அந்துவானெத் அடைபட்ட அறைக்காகத்தான் அங்கே கூட்டம். ஆனால் 64 மீட்டர் நீளப் படைவீரர் கூடம், 1300களின் தொடக்கத்து வேலை, அதுவே போதும்.

உள்ளே நுழைந்ததும் தாழ்ந்த நீலக்கூரைக் கீழ்த்தளம். இதுதானா என்று நினைக்காதீர்கள். இது அரண்மனை ஊழியர்களுக்கானது. மூலையில் சுழல் படி இருக்கிறது, மேலே போனால் அரசருக்கானது. பதினைந்து சன்னல்கள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 15 மீட்டர் உயரம், ஆயிரத்துக்கும் மேற்பட்ட காட்சிகள், மூன்றில் இரண்டு பங்கு மூலக் கண்ணாடி. சுவர் என்று சொல்ல எதுவும் மிச்சமில்லை. ஒன்பதாம் லூயி, இயேசுவின் தலையில் வைத்ததாக நம்பப்படும் முள்முடியை 1239இல் வாங்கிவந்து, அதை வைக்க எழுப்பிய பேழை இது, 1248 ஏப்ரலில் திருநிலைப்பட்டது. வழக்கமாகச் சொல்லும் கணக்கில் முள்முடிக்கு அக்காலப் பிரெஞ்சுப் பணத்தில் 1,35,000 லிவ்ர், கட்டடத்துக்கு 40,000. அந்த முடி இப்போது நோத்ர தாமில் இருக்கிறது.

பாரம் எங்கே போகிறது? இங்கே பக்க நடை இல்லாததால் பாயும் முட்டு தேவைப்படவில்லை. தூண்கள் வெளிப்பக்கம் ஆழமாக நீண்ட முட்டுச்சுவர்கள், உள்ளிருந்து அவற்றின் மெல்லிய விளிம்பு மட்டும் தெரிகிறது. சன்னல்களின் குறுக்கே கறுப்புக் கோடாக ஓடும் இரும்புக் கம்பிகளைக் கவனியுங்கள். அவற்றில் சில கண்ணாடியைத் தாங்க மட்டும் வைத்தவை அல்ல. கட்டடத்தையே சுற்றி இறுக்கும் சங்கிலி.

சன்னல்களை இடமிருந்து வலமாகவும் கீழிருந்து மேலாகவும் படிக்கவேண்டும். பீடத்தைப் பார்த்து நின்றால் இடதுகைப் பக்கம் பின்கோடியில் ஆதியாகமம், அங்கிருந்து கடிகார முள் திசையில் சுற்றி, வலப்பக்கப் பின்கோடியில் முள்முடி பாரிஸ் வந்த கதையில் முடியும். எட்டு மடங்கு பெருக்கும் இருகண் தொலைநோக்கி ஒன்று கொண்டுபோங்கள். அது இல்லாமல் மேல்வரிசைக் காட்சிகள் வெறும் நிறப்பொட்டுகள். பளீர் வெயில் நாள்தான் நல்லது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். பாதி உண்மை. நடுப்பகல் வெயில் தெற்குச் சன்னல்களில் அடிக்கும்போது அந்த ஒளி எதிரே உள்ள வடக்குச் சன்னல்கள் மேல் விழுந்து அவற்றை வெளிறச் செய்யும். நிறத்தில் மிதக்க வெயில் நாள், கதையைப் படிக்க மேகமூட்ட நாள். மேற்கு ரோஜா 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் வைத்தது, மாலை வெயிலுக்கு உரியது. குளிர்காலத்தில் மாலைக் கச்சேரிக்குச் சீட்டு எடுத்து இதையும் பார்த்ததாகக் கணக்குவைப்பது வீண், அப்போது சன்னல்கள் கறுப்புப் பலகைகள். கைபேசியில் படமெடுத்தால் கருவி சுவரின் இருட்டைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும், கண்ணாடி வெளுத்துப்போகும். கண்ணாடியின் மேல் விரலால் தொட்டு ஒளியளவைக் கீழே இறக்குங்கள்.

அடுத்த நாள், திங்களாக இல்லாவிட்டால், இடக்கரையில் க்ளூனி அருங்காட்சியகம். திங்கள் விடுமுறை. அங்கே சான்த் சப்பலிலிருந்து கழற்றிய கண்ணாடித் துண்டுகளைக் கண் மட்டத்தில் வைத்திருக்கிறார்கள். முகத்தின் கோடுகள் தூரிகையால் தீட்டியவை என்பதும், நிறம் கண்ணாடியிலேயே கலந்தது என்பதும் ஒரு கை தூரத்தில் தெரியும். நோத்ர தாம் முகப்பு அரசர்களின் தலைகளும் இங்கேதான். 1793இல் பிரான்சின் அரசர்கள் என்று நினைத்துத் தலையைக் கொய்தார்கள், அவர்கள் விவிலியம் சொல்லும் யூதாவின் அரசர்கள். 1977இல் ஒரு வங்கிக் கட்டடத்தில் தோண்டியபோது 21 தலைகள் கிடைத்தன. சிலவற்றில் கன்னச் சிவப்பு இன்னும் ஒட்டியிருக்கிறது. இப்போது முகப்பில் இருப்பவை 19ஆம் நூற்றாண்டுப் பிரதிகள்.

அங்கிருந்து ஐந்து நிமிடத்தில் சான் செவெரென். இலவசம், வரிசை இல்லை, உணவகத் தெருக்களின் நடுவே ஒளிந்திருக்கிறது. பீடத்தின் பின்னால் இரட்டைச் சுற்று. அதன் நடுவில் ஒரு தூண் பனைமரம்போல் நிற்கிறது. அடியிலிருந்தே முறுக்கிக்கொண்டு ஏறி, உச்சியில் விலாக்களாக விரிகிறது. 15ஆம் நூற்றாண்டின் கடைசி வேலை. சான் தெனியின் மெலிந்த நேர்த்தூண்களில் தொடங்கிய விலாக்கள் 350 வருடத்தில் இப்படி ஆட்டம்போடப் பழகிவிட்டன. அருகில் போய்ப் பார்த்தால் அந்த முறுக்குக்குக் கட்டுமானக் காரணம் எதுவும் இல்லை.